ஆவிக்கும் அச்சுப்பிழை

செத்தவர்களைப் பேச வைக்கிறாராம் மறுகரை ஐயா. ஊரே திரண்டது. உயிரோடிருக்கும் மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசாத மருமகள்கள்கூட, செத்த மாமனாரிடம் பேச வரிசையில் நின்றார்கள். வாசல் மேசையில் இறந்தவரின் பெயரையும் தேதியையும் வாங்கிக்கொண்டு, "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். ஆவி வந்து சேர அவ்வளவு நாளாகுமாம். மேலுலகத்திலும் போக்குவரத்து நெரிசல்!

அன்று முன்வரிசையில் இறந்துபோன பஸ் டிரைவரின் மனைவி. பக்கத்தில் மூத்த மகள், சரித்திர ஆசிரியை. அம்மா எதையாவது எழுதிக் கொடுத்துவிடுவாளோ என்று பயந்து கூட வந்தவள்.

ஐயா கண்ணை மூடினார். உடம்பை உதறினார். குரல் கரகரத்தது.

"நான்தான் வந்திருக்கேன். பஸ் ஓட்டி வலிச்ச முதுகு இப்ப வலிக்கல. நம்ம வீட்டை ஐயா மடத்துக்கு எழுதி வச்சிடு. அப்பதான் எனக்கு நிம்மதி."

அம்மா விம்மினாள். "என்னங்க... சாப்பிட்டீங்களா?"

மகள் எழுந்தாள். "ஒண்ணு கேக்கலாமா? பிள்ளைங்கள்ல உங்களுக்கு யார் மேல பாசம் அதிகம்?"

"அதை ஏன் கேக்குற மருமகளே! மூணு பையன்களும் ஒண்ணுதான். இருந்தாலும் மூத்தவன் மேல ஒரு படி கூட."

"அந்த மூத்தவன் நான்தாம்பா! கடைசித் தம்பி மாசமா இருக்கான், அதான் வர முடியல."

மண்டபம் குலுங்கியது. பக்தர் ஒருவர் துள்ளி எழுந்தார். "ஏன், ஆவிக்கு மறதி வரக் கூடாதா?"

"மறந்திருந்தா ரெண்டு, நாலுன்னு உளறியிருக்கலாம். அப்பா இறந்தப்போ பேப்பர்ல 'மூன்று மகள்கள்'னு போடச் சொன்னோம். ஓர் எழுத்து மாறி 'மூன்று மகன்கள்'னு வந்துடுச்சு. அதே பிழை ஆவி வாயில எப்படி வந்துச்சு? பரீட்சையில ரெண்டு பேர் ஒரே தப்பை எழுதினா என்ன நினைப்பீங்க? சரித்திரத்துலயும் அப்படித்தான். சேதி சொல்றவர் கூட இருந்து பார்த்தவரா, கேட்டு எழுதினவரா, எழுதினதைப் பார்த்து காப்பி அடிச்சவரான்னு முதல்ல பிரிச்சுப் பார்ப்போம். எங்கம்மா கூட இருந்தவங்க. பேப்பர்காரர் கேட்டு எழுதினவர். இவரு காப்பி!"

யாரோ ஐயாவுக்குப் பின்னால் தொங்கிய திரையை இழுத்தார்கள். பழைய செய்தித்தாள்களின் இரங்கல் விளம்பரங்கள், கத்தரித்து, கட்டுக்கட்டாக! ஆவி போனதோ இல்லையோ, ஐயா பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

அம்மா மகளின் கையைப் பிடித்தாள். "அப்போ அவரு பேசலையாடி?"

"இல்லம்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதானே பார்த்தேன். உசுரோட இருந்தப்பவே மனுஷன் இவ்வளவு பேசினதில்லையே."

கூட வாழ்ந்தவளைக் கேட்காமல் கத்தரித்த காகிதத்தைக் கும்பிட்ட கூட்டமே! யார் எதைச் சொன்னாலும், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு வார்த்தை கேள். அதனால் சாமி குத்தம் ஒன்றும் ஆகிவிடாது. ஆசாமியின் பிழைப்புதான் போகும்.