விதைப்பூண்டுக்குள் எட்டுப் பவுன்

திருமலைச்சாமி இந்த உலகத்தில் முழுசாக நம்பியது ஒரே ஒரு ஆளைத்தான். அந்த ஆள் திருமலைச்சாமி.

பூம்பாறையில் பரம்பரையாகப் பூண்டு போடுகிற குடும்பம். அண்ணன் செல்லப்பாண்டி சம்பாதித்ததையெல்லாம் தன் ஒருத்தர் பேரிலேயே பேங்கில் போட்டு வைத்திருந்தார். இப்போது அவருக்கு நினைவு தப்பிவிட்டது. கட்டின பொண்டாட்டியிடமே, "யாரும்மா நீ? காபி குடிச்சிட்டுப் போறது" என்று உபசாரம் பண்ணுகிறார். கையெழுத்துக் கேட்டால் பேனாவால் காது குடைகிறார். பணம் பேங்கில் கெடக்கு, அண்ணி மாத்திரை வாங்கக் கைமாத்து கேட்டு அலைகிறாள். பாவம், பார்க்கச் சகிக்கவில்லை.

அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே திருமலைச்சாமியின் பொண்டாட்டி விசாலாட்சி ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, நம்ம எட்டுப் பவுனையும் ரெண்டு பேர் பேர்லயும் லாக்கர்ல வச்சிருவமா? நாளப்பின்ன யாருக்கு என்ன ஆகுமோ."

"ஆனா உனக்குத்தாண்டி ஆகும். என் மூளை கல்லு மாதிரி."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

வந்ததே கோபம்! அவள் அந்தப் பக்கம் போனதும் பவுனைத் துணியில் சுற்றினார். பரணில் தொங்கிய விதைப்பூண்டுக் கட்டு ஒன்றுக்குள் திணித்து, இறுக்கி முடிச்சுப் போட்டார். அடுப்புப் புகையில் ஆடுகிற விதைப்பூண்டை, வீட்டில் உலை கொதிக்காவிட்டாலும் பூம்பாறையில் யாரும் தொடமாட்டார்கள். லாக்கராம், பெரிய லாக்கர்!

இன்றைக்குக் காலையில் விசாலாட்சி, "அடுத்த வாரம் வெதைப்பு. கட்டெல்லாம் எறக்கணும்" என்று சொல்லிவிட்டு ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். அவள் தலை மறைந்ததும் திருமலைச்சாமி வெரசாக ஏணியில் ஏறினார்.

எந்தக் கட்டு?

எல்லாக் கட்டும் ஒரே மாதிரி தொங்கின. முடிச்சுகள்கூட அவர் போட்டது மாதிரி இல்லை. "எவன் போட்ட முடிச்சு இது, எழவு" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பூண்டு பொலபொலவென்று கொட்டியது. பவுனைக் காணோம். கடைசிக் கட்டையும் உதறிவிட்டு, பரண் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வயசான காலத்துக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் தொலைத்தாயிற்று. அண்ணனை எத்தனை கேலி பேசினோம் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விசாலாட்சி அரிசிப் பையோடு வந்து நின்றாள். தரையெல்லாம் பூண்டு. அவள் கத்தவில்லை.

"விசாலாட்சி, பவுன் போச்சுடி. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். நான் ஒரு மடையன்."

"போகலைங்க. லாக்கர்ல இருக்கு. ரெண்டு பேர் பேர்லயும்."

"கள்ளி! எனக்குத் தெரியாம எடுத்தியா?"

"நீங்கதான் போன மாசம் எடுத்துக் குடுத்தீங்க. ரெண்டு பேரும் கொடைக்கானல் போயி வச்சிட்டு வந்தோம். வர்ற வழியில, பஜ்ஜியில உப்பு இல்லைன்னு கடைக்காரர்கூடச் சண்டை போட்டீங்களே."

"நானா?"

அவர் பஜ்ஜியை யோசித்தார். கடையை யோசித்தார். ஒன்றும் வரவில்லை.

"என்னை ஏமாத்தாதடி. அப்படி நடந்திருந்தா நான் எதுக்கு இன்னைக்கு ஏறப்போறேன்?"

விசாலாட்சி ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பாத்து எறங்குங்க. போன வாரம் நீங்க அவுத்துப் போட்டதையே நேத்துதான் கட்டி முடிச்சேன்."