வெளிநாட்டு வண்டிகளுக்கு மட்டும்

"போச்சு! எல்லைக்கு அந்தப் பக்கமும் பெட்ரோல் விலையை ஏத்திட்டாங்க!" என்று ரேடியோவின் காதைத் திருகி அணைத்தான் அவன். "மானியத்தை எடுத்துட்டாங்களாம். இனிமே அங்கேயும் இங்கேயும் ஒரே விலைதான்."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"அப்போ இந்தச் சனிக்கிழமை..?"

அந்தக் கேள்விக்குள் இரண்டு வருஷக் கதை இருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். பெண் கேட்டுப் போன அன்றே, மாமனாராக ஆகவிருந்தவர், "ஏறி இறங்குற வேலைதானா? ஏறிக்கிட்டே போற வேலை எதுவும் கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டார். கல்யாணம் நடந்தது, கோபம் மட்டும் ஆறவில்லை. "பொண்ணு வீட்டு உறவு கொண்டாட அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டான்.

ஆனால் அந்த வாசப்படி எல்லைக்கு அப்பால் இருந்தது. அங்கே பெட்ரோல் பாதி விலை. சபதத்துக்கு ஒரு சந்து கிடைத்தது. சனிக்கிழமைதோறும் மனைவியோடு 'பெட்ரோல் போட'ப் போவான். டேங்க் நிரம்பியதும், "வண்டி சூடா இருக்கு, கொஞ்சம் ஆறட்டும்" என்பான். இரண்டு தெரு தள்ளி, மாமனார் வீட்டு வாசலில் நின்று வண்டி ஆறும். சாயங்காலம் வரைக்கும் ஆறும்.

கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி மாமனார் தன் மனைவியிடம் கேட்பார்: "மாப்பிள்ளை பெட்ரோல் போட வந்தாராமா?"

அவனும் மாமியாரிடமே பதில் சொல்வான்: "பின்னே, வேற எதுக்கு அத்தை இவ்வளவு தூரம் வரணும்?"

இப்போது அந்தச் சந்தும் அடைபட்டது. அம்மாவைப் பார்க்கும் ஒரே நாளும் போயிற்றே என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்கும் அந்தக் கூடம் இல்லாத சனிக்கிழமையை நினைத்தால் என்னவோபோல் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் ஆண்பிள்ளைச் சபதம் என்னாவது?

"ரேடியோக்காரன் தப்பாச் சொல்லியிருப்பான். எதுக்கும் நேர்ல போய்ப் பாத்துடலாம்" என்றான்.

ரேடியோக்காரன் தப்பாகச் சொல்லவில்லை. பங்க்கின் பலகையில் புது விலை பல்லை இளித்தது. பம்ப்பில் நின்ற தொப்பிக்கார அம்மாள் மட்டும் வழக்கம்போல் சிரித்தாள்.

"உங்களுக்குப் பழைய விலைதான் சார்."

"எனக்கா? எப்படி?"

அவள் அவனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், நம்பர் பலகையைப் பார்த்தாள். "அது வந்து... வெளிநாட்டு வண்டிங்களுக்குத் தள்ளுபடி சார்."

அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"பாத்தியா, இது நாடு! சொந்த ஜனத்துக்கு விலையை ஏத்தினாலும் விருந்தாளியை விட்டுக்கொடுக்கல. இப்படிப்பட்ட தாராள மண்ணுல பிறந்து உங்கப்பா மட்டும் எப்படி இவ்வளவு கஞ்சனானாரு?"

"எங்கப்பாவை இழுக்கலேன்னா உங்க வண்டி நகராதே" என்றாள் மனைவி. ஆனால் அவள் முகத்தில் சனிக்கிழமை திரும்பி வந்திருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். திங்கட்கிழமை பட்டறையில், கிரீஸ் கையோடு, அயல்நாட்டின் பெருந்தன்மையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தான்.

"விடு விடு, புளுகினாலும் பொருந்தப் புளுகு" என்றார் ஸ்டோர்கீப்பர்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சனிக்கிழமை என்கூட வாங்க. நிரூபிச்சுக் காட்டுறேன்!"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மேனேஜர் தலையை நீட்டினார். "நானும் வரேன்யா."

சனிக்கிழமை மூன்று வண்டிகள் வரிசையாக பங்க்குக்குள் நுழைந்தன. தொப்பிக்கார அம்மாளின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் வண்டிக்குப் பழைய விலையில் போட்டாள். அடுத்து மேனேஜர் வந்தார்.

"ஃபுல் பண்ணும்மா."

"உங்களுக்குப் போர்டுல இருக்கிற விலை சார்."

"ஏன், என் வண்டி வெளிநாட்டு வண்டி இல்லையா?"

அவள் தொப்பியை இழுத்துச் சரிசெய்தாள். "குடும்பத்தோட வரணும் சார். அதான் ரூல்."

"எனக்குக் குடும்பம் இருக்கு" என்று பின்னாலிருந்து குதித்து வந்தார் ஸ்டோர்கீப்பர். "பின்சீட்டுல தூங்குறா. எழுப்பவா?"

"வண்டி பழசாவும் இருக்கணும்!"

"பழசா? கதவைத் திறந்தா கையோட வந்துடும்மா. திறந்து காட்டட்டுமா?"

நண்பர்களைக் கைவிட அவனுக்கு மனசு வரவில்லை. "எதுக்கும்மா இவ்வளவு சிரமம்? அவங்க வண்டியையும் என் கணக்குலயே சேர்த்துப் போட்டுடுங்க."

"ஐயையோ, உங்க கணக்குலயா!" என்று அலறினாள் அவள். "இருங்க சார், ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று கண்ணாடி அறைக்குள் ஓடி ஃபோனை எடுத்தாள்.

மேனேஜர் முறைத்தார். "என்னய்யா இது? உனக்கு மட்டும் பொருந்துற ரூலா இருக்கு! என் மச்சான் வேற வந்துட்டிருக்கான். அவன் முன்னாடி என் மானத்தை வாங்கிடாதே. வாங்கினே, அடுத்த மாசம் பூரா உனக்குச் சனிக்கிழமை டியூட்டிதான்!"

அவன் சட்டென்று திரும்பித் தன் காரைப் பார்த்தான். காருக்குள்ளிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை டியூட்டி என்றால் பிறந்த வீடு அவ்வளவுதான்.

"பொறுங்க சார். மேலிடத்துல கேக்குறாங்க" என்றான். "பெரிய மனசுக்காரங்க இவங்க. கேட்டு இல்லைன்னு சொன்ன பழக்கமே இவங்களுக்குக் கிடையாது."

கண்ணாடி வழியே பார்த்தால், அவள் ஃபோனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தாள். மறுபக்கத்தில் யாரோ பெரிய குரல்.

"மந்திரியா இருக்கும்" என்றார் ஸ்டோர்கீப்பர் பயபக்தியோடு.

அவன் மரியாதையாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். தொப்பிக்கார அம்மாள் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தாள்.

"மன்னிச்சுக்கங்க சார், இனிமே என்னால சமாளிக்க முடியாது. 'மாப்பிள்ளை வண்டிக்கு மிச்சப் பணத்தை வாராவாரம் நான் கட்டுறேன், சரி. அவரோட ஆபீஸுக்கே நானா மாமனார்?'னு கேக்குறாரு!"