மஞ்சள் தூக்கிய அண்ணனும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

அச்சகக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு, அச்சடித்த தாளைக் கடையில் வாங்குவது மானப் பிரச்சினை. சிவகாசியில் எங்கள் வீட்டு மளிகைச் சீட்டுகூட ஆர்ட் பேப்பரில்தான் இருக்கும் (எல்லாம் ஓரம் வெட்டிய கழிவு). என் படிப்புக்கு வேட்டு வைக்கப் பார்த்தது இந்த மானம்தான்.

அப்போது நான் விருதுநகரில் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் கடைசி வருடம். எந்தக் கிருமியை எந்த மருந்து கொல்கிறது என்று பார்ப்பது என் ப்ராஜெக்ட். கிருமி வளர்க்கும் கூழில் புளிப்பு ஏறிவிடக் கூடாது. சோதனைத் தாளைக் கூழில் நனைத்து, அது மாறும் நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட வேண்டும். பச்சை என்றால் சரி, மஞ்சள் பக்கம் போனால் புளிப்பு. அந்த அட்டையில் டீயைக் கொட்டித் தொலைத்தேன். காசு கொடுத்துப் புதிது வாங்குவதாவது? போட்டோ எடுத்து, அச்சகத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு அனுப்பினேன். மறுநாளே லேமினேஷனோடு பளபளவென்று வந்தது. அந்தப் பளபளப்பை நம்பி, அதில் சரி என்று போட்டிருந்த நிறம் வரும்வரை கூழில் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் காலில் தாள் கட்டு விழுந்து, புண் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் ஊசி எழுதினார். நான் சும்மா இருந்திருக்கலாம். சீழை எடுத்துப் போய்க் கூழில் தடவி, அதே மருந்து வில்லையை நடுவில் வைத்தேன். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்திருக்க வேண்டும். அதுவோ வில்லையை ஒட்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ப்ராஜெக்டைப் பார்த்துக்கொண்ட எஸ்தர் மேடத்திடம் காட்டினேனா? இல்லை (அன்று ஜில்லாவுக்கே நான்தான் விஞ்ஞானி). வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அந்த ஊசி இனி வேண்டாம்ணே. மருந்துக்கு அடங்காத கிருமி."

"எனக்கு வலி கொறஞ்சிருக்கே புள்ள."

"நரம்பு செத்திருக்கும்."

பின்னால் அம்மா அழுவது கேட்டது. காலண்டர் சீசனில் மிஷினை நிறுத்தி, லோடு வேனில் மெத்தை போட்டு, அண்ணனைப் படுக்கவைத்து மதுரைக்குக் கிளம்பிவிட்டார்கள். விருதுநகரில் நானும் ஏறிக்கொண்டேன். திருமங்கலம் தாண்டுவதற்குள் அம்மா எல்லாச் சாமிக்கும் நேர்ந்து முடித்திருந்தாள். அண்ணனுக்குக் கவலை வேறு.

"புதுச் செருப்பு. ஒத்தைச் செருப்பை வச்சு என்னத்தச் செய்ய?"

மதுரை டாக்டர் கட்டைப் பிரித்தார். "புண்ணு நல்லா ஆறிக்கிட்டு வருது. யாரு ஊசியை நிறுத்தச் சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் எடுத்த பரிசோதனையில் சாதாரணக் கிருமி, பழைய ஊசியே போதும் என்று வந்தது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

கல்லூரியில் எஸ்தர் மேடம் என் கூழை மீட்டரில் அளந்தார். "இம்புட்டுப் புளிப்புல இந்த மருந்துக்குப் பலம் போயிரும்மா. கிருமிக்கு ஒண்ணும் புதுசா வீரம் வந்துரலை. எங்க, அட்டையைக் காட்டு."

அட்டையில் பச்சை இருக்க வேண்டிய இடத்தில் மாம்பழ நிறம் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே சிவகாசிக்குப் பஸ் ஏறினேன்.

"நிறத்தை மாத்தினியாண்ணே?"

"மாத்தலை. மஞ்சளை லேசாத் தூக்கினேன், மை கொஞ்சம் கூட. நீ அனுப்புனது களையில்லாம இருந்துச்சு. முருகன் காலண்டருக்கே தூக்குறோம்ல?"

"சோதனை அட்டைக்கு எதுக்குண்ணே களை?"

"நாலு பேரு பாக்கிறதில்லையா?"



இன்று நான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் கையெழுத்தை நம்பி டாக்டர்கள் மருந்து எழுதுகிறார்கள். வீட்டில் பால் திரிந்துவிட்டது என்று நான் சொன்னால்கூட, "எதுக்கும் மதுரையில ஒருக்கா காட்டிருவோம்" என்று அம்மா வேன் சாவியைத் தேடுகிறாள்.