பெல் மாஸ்டரின் பச்சை இலை

மகாவலி ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்துத் தேடினாலும் பெல் மாஸ்டரைப் போல ஓர் அவசரக்காரர் கிடைக்கமாட்டார். அவருடைய தொழிலோ, பிள்ளைகள் எவ்வளவு அவசரக்காரர்கள் என்று அளந்து சொல்வது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே, ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் அவருடைய அறை. கவனம் நிலைக்காத பிள்ளைகளை அங்கே கூட்டி வருவார்கள். திரையில் பச்சை இலை வந்தால் சுவிட்சை ஒருமுறை அழுத்த வேண்டும். சிவப்புப் பூ வந்தால் சும்மா இருக்க வேண்டும். பூவுக்கும் அழுத்தினால் அவசரப் புள்ளி ஒன்று ஏறும். கம்ப்யூட்டரின் விசைகளைப் பிள்ளைகள் பிடுங்கிவிட்டதால், கராஜில் கிடந்த பழைய பஸ்ஸிலிருந்து பெல் சுவிட்சைக் கழற்றி வந்து பூட்டியிருந்தார். பெயர் அப்படி வந்தது.

அந்தச் சோதனைக்கு முதலில் உட்கார்ந்தவர் அவரேதான். திரை எரியுமுன்பே அழுத்திவிட்டாராம். பஸ் நிற்குமுன் இறங்குவார். தேநீர்க்கடையில் என் பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு, சீனி கூடிப்போச்சு என்று என்னிடமே குறை சொல்வார்.

என் மகள் மதுராவுக்கு அப்போது எட்டு வயது. அவளைத் தனி வகுப்புக்கு மாற்றுவது பற்றிப் பள்ளிக்கூடம் வெள்ளிக்கிழமை முடிவெடுக்கவிருந்தது. நாங்கள் மாஸ்டரிடம் போனது அதற்கு முந்தின நாள், காலை ஒன்பது பத்துக்கு.

"சேர், பிள்ளை ராத்திரியில..."

"தூங்குறல்ல. தெரியும். அடுத்தது செல்லுங்க."

"நல்லாத் தூங்குவா சேர். பகல்லதான்..."

"அதையும் எழுதிட்டன்."

சோதனை முடிந்தது. "இவ்வளவு புள்ளி நான் கண்டதே இல்ல," என்று அறிக்கையில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மதுரா நிதானமாகக் கேட்டாள்: "சேர், பஸ் ஏன் போகல?"

"எந்த பஸ் மகள்?"

"பச்சைன்னா போகணும்தானே? ஒன்னு அடிச்சா நிக்கும், ரெண்டு அடிச்சாத்தான் போகும். நான் ஒவ்வொரு தடவையும் ரெண்டு அடிச்சேன்."

என் தம்பி மடுல்கெல்ல போகும் பஸ்ஸில் கண்டக்டர். சனிக்கிழமைகளில் மதுராவும் அவனோடு போவாள். அவளுடைய இரண்டாவது அடியெல்லாம் அடுத்து வந்த பூவின் மீது விழுந்திருக்கிறது.

மாஸ்டர் அந்தப் பெல் சுவிட்சைக் கழற்றினார். பிறகு அறிக்கையைக் கிழித்தார். "பிழை புள்ளேல இல்ல. என்ட சுவிட்சுல ஈக்கி." சாதாரணப் பட்டன் ஒன்றைப் பூட்டி, மறுபடி சோதித்தார். புள்ளிகள் இம்முறையும் ஏறின, ஆனால் கொஞ்சம்தான். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் முடிவு என்று புறப்படும்போது அவரிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட அதிபர் என் முன்னால் மாற்றல் படிவத்தில் பேனாவை வைத்தபோது கதவு திறந்தது. மாஸ்டர் மூச்சு வாங்க நின்றார்.

"யாருங்க நீங்க?" என்றார் அதிபர்.

"நேத்து இந்தப் புள்ளையச் சோதிச்சு, பிழையா அறிக்கை எழுதினவன். முன்வரிசையில வெச்சுப் பாருங்க. போதும்."

"நாங்க அப்படி ஒரு அறிக்கையப் பார்க்கலையே."

"நான் கிழிச்சிட்டன். எழுதினது எழுதினதுதானே."

அதிபர் பேனாவை மூடினார். மதுரா அதே வகுப்பில், முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடும்வரை காத்திருக்கத் தெரியாத அந்த மனிதருக்கு, மனத்துக்குள் நன்றி சொல்லாமல் நான் அந்தப் பாலத்தைக் கடப்பதில்லை.