சேஃப்டி பார்த்த மூன்று கேம்ப்புகள்

உலகத்தில் எந்த ஆபத்தையும் அது செருப்பு மாட்டிக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தெரு சேஃப்டிதான். இதில் ஒரே ஒரு குறை, அவர் எங்கள் தெருவில் இருப்பதே இல்லை. ஆள் இருப்பது குவைத்தில். கண் இருப்பது அறந்தாங்கியில்.

அங்கே ஏதோ ஒரு பெரிய பிளான்ட்டில் சேஃப்டி சூப்பர்வைசர். ஹெல்மெட் இல்லாமல் ஒருத்தன் தும்மினால்கூட எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிற வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மற்ற நாளெல்லாம் வீடியோ காலில்தான் குடும்பம் நடக்கும். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. வேறு எங்கும் புழக்கத்தில் இல்லை.

அவர் கட்டிய வீட்டை நீங்கள் பார்க்க வேண்டும். வாசலில் மூன்றே படி, அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. குளியலறையில் நாலு சுவரிலும் கைப்பிடி. சமையலறை வாசலில் சிவப்பு வாளி நிறைய மணல், தீப்பிடித்தால் அள்ளிக் கொட்டுவதற்கு. இன்றுவரை அந்த மணலைப் பயன்படுத்தியது ஒரு தெருப் பூனை மட்டும்தான், அதுவும் தீயணைக்க அல்ல. அவர் மனைவி செல்வராணி ஒருநாள் என் வீட்டுக்காரியிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "வீடு பூரா கைப்பிடி வச்சாரு அக்கா. பிடிச்சுக்க ஒரு கை வைக்காமப் போயிட்டாரு."

சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்கு அவரைப் போனில் வைத்து, போனைத் தேங்காய்த் தட்டில் சாய்த்து வைத்திருந்தோம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தாயிற்று, கெட்டிமேளம் முழங்குகிறது. தேங்காய்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்: "அண்ணே, மாப்பிள்ளைக்குப் பின்னாடி ஒரு வயரு தொங்குது பாருங்க. மொத மெயின ஆஃப் பண்ணச் சொல்லுங்க!" எவனோ ஓடிப்போய் ஆஃப் பண்ணிவிட்டான். அந்தக் கல்யாண வீடியோவில் தாலி கட்டுகிற இடம் மட்டும் இருட்டு.

கோபித்துக்கொண்டால் சிரித்தபடி சொல்வார்: "நடந்த பெறகு வருத்தப்படுறதுக்கு நான் எதுக்குண்ணே? அதுக்குத்தான் இத்தன சொந்தக்காரங்க இருக்கீங்களே."

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மகள் சுடர். ஆறாம் வகுப்பு. ஒரே அளவில் இரண்டு கைக்குட்டையை நனைத்து, ஒன்றைக் கொடியிலும் ஒன்றைக் கைப்பிடிச் சுவரிலும் போட்டு, எது முதலில் காய்கிறது என்று நோட்டில் எழுதுகிற பிள்ளை. பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன் என்ற ஒரே பாவத்துக்காக என்னிடம் வந்து நிற்பாள். "பெரியப்பா, சைக்கிள் நிக்கிறப்ப விழுகுது, ஓடுறப்ப ஏன் விழுக மாட்டேங்குது?" முப்பது வருஷமாகப் பஞ்சர் ஒட்டுகிறேன். அதுவரை எனக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்ததே இல்லை. அதற்குப் பிறகு சரியாகத் தூக்கம் வந்ததில்லை.

ஆனால் போன பங்குனியில் அவளுடைய கிளாஸ் டீச்சர் செல்வராணியைக் கூப்பிட்டுச் சொன்ன சேதி வேறு. "சுடர் இப்பல்லாம் கேள்வி கேக்குறதில்லம்மா. எந்திரிச்சா மத்த பிள்ளைக சிரிக்கிதுக. இவ பாட்டுக்குக் குனிஞ்சு உக்காந்துக்கிறா. மார்க்கு வரும், அதப் பத்திப் பயமில்ல. அந்தக் கேள்வி போயிருச்சுன்னா திரும்ப வராதும்மா. இந்த லீவுல நல்ல சயின்ஸ் கேம்ப்பாப் பாத்துச் சேத்து விடுங்க."

செல்வராணி அழுதுகொண்டே குவைத்துக்குச் சொன்னாள். குவைத்திலிருந்து எனக்கு உத்தரவு வந்தது. "அண்ணே, எனக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. வெள்ளிக்கு ஒரு கேம்ப்பாப் போய்க் காட்டுங்க. நான் ஓகே சொல்லாம எதுலயும் கையெழுத்துப் போட்றாதீங்க."

முதல் வெள்ளி, எங்கள் ஊரிலேயே ஒரு கல்யாண மண்டபம். 'இளம் விஞ்ஞானி' என்று பேனர். அந்த வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு டைரக்டர். இலவச டெமோ வகுப்பு என்றார்கள். நாற்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ராக்கெட் படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சுடர் மெதுவாகக் கேட்டாள். "சார், ராக்கெட்டு மேல போறப்ப ஏன் சாயாமப் போகுது?"

"அது சிலபஸ்ல இல்லம்மா. நீ கோட்டுக்கு வெளிய போகாம அடி."

அதற்குள் என் கையிலிருந்த போன் அதிகாரத்தோடு பேசியது. "கேமராவ அங்கிட்டுத் திருப்புங்கண்ணே. சார், தீப்பிடிச்சா பிள்ளைகள எங்க கூட்டி நிறுத்துவீங்க? அசெம்பிளி பாயின்ட் எது?"

டைரக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பந்தி நடக்குற எடம் சார்" என்றார்.

வெளியே வரும்போது போன் கேட்டது. "எத்தன மணிக்கு விடுவாங்களாம்?" நாலு மணி என்றேன். "ம்" என்றது. கேம்ப் நம்பர் ஒன்று அவுட்.

இரண்டாவது வெள்ளி புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். ஏசி போட்ட பள்ளிக்கூடம். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகப் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி போட்டோ எடுத்தார்கள். மூலையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கோப்பைகள் அடுக்கியிருந்தன. கேம்ப் ஆரம்பிக்கவே இல்லை, அத்தனை பிள்ளைகளும் ஜெயித்தாயிற்று. ஒரு மேடம் மண்குன்று மாதிரி ஒன்றைச் செய்து, உள்ளே சமையல் சோடாவைப் போட்டு வினிகரை ஊற்றினார். சிவப்பாக நுரை பொங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

சுடர் தட்டவில்லை. "மிஸ், இது எரிமலை இல்லையே, நொரதானே? நெச எரிமலைக்குள்ள சோடாவா இருக்கு?"

"ஸோ க்யூட்!" என்று கன்னத்தைக் கிள்ளினார் மேடம். சுடர் திரும்பிப் பார்த்தாள். பின் வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான், பிள்ளை குனிந்துகொண்டது.

இந்தப் பக்கம் சேஃப்டி, அவசர வழிக் கதவை என்னைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீக்கடையில். "அவசரம்னா போன் பண்ணுவோம் சார், வந்துருவாரு" என்றார்கள். சேஃப்டி சாபம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "எத்தன மணிக்குண்ணே விடுவாங்க?" என்று மட்டும் கேட்டார். அஞ்சு மணி, வீடு வர ஆறரை ஆகும் என்றேன். போனில் முகம் தொங்கிவிட்டது. இரண்டும் அவுட்.

மூன்றாவது எங்கள் ஊருக்கு வெளியே, ஓட்டத்தை நிறுத்திவிட்ட ஒரு ரைஸ் மில். ஆவூர்ப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட ஜெசிந்தா டீச்சர் நடத்துகிற கேம்ப். பேனர் இல்லை, கோட்டு இல்லை. நெல் காயப்போடுகிற களத்தில் பழைய ரேடியோ, உடைந்த மிக்ஸி, கண்ணாடித் துண்டுகள், என் கடையில் காயலான் கடைக்குப் போட்ட ஒரு சைக்கிள் சக்கரம்கூடக் கிடந்தது. இருபது பிள்ளைக்கு மேல் சேர்ப்பதில்லை. இருபது நாள், காலை ஒன்பதிலிருந்து நாலு வரை.

சுடர் நேரே சக்கரத்திடம் போனாள். கேட்கலாமா வேண்டாமா என்று நின்றாள். பிறகு, தரையைப் பார்த்தபடியே, என்னிடம் கேட்ட அதே சைக்கிள் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

ஜெசிந்தா டீச்சர் சக்கரத்தைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். "எனக்கும் அது முழுசாப் புரிஞ்சதில்லடி. இதச் சுத்திவிட்டுக் கையில பிடிச்சுச் சாச்சுப் பாரு. என்ன பண்ணுதுன்னு எனக்குச் சொல்லு."

பிள்ளை அந்த இடத்தைவிட்டு ஒரு மணி நேரம் நகரவில்லை. கேள்வி மேல் கேள்வி. திரும்பும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பெரியப்பா, இங்கதான் பெரியப்பா. அவங்க தெரியாதுன்னு சொல்றாங்க, ஆனா என்னையப் பாத்துச் சிரிக்கல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனுக்குக் கலங்கவில்லை. "அண்ணே, அங்கிட்டு வேப்பமரத்துக்குப் பின்னாடி என்ன? கெணறா?"

"மூடி போட்டுப் பூட்டியிருக்கு சார்" என்றார் டீச்சர்.

"கம்பி துருப்பிடிச்சிருக்கு. அந்தக் கெளையும் பட்டுப்போன மாதிரி தெரியுது. களத்துல வெயிலு வேற. சரிப்படாதுண்ணே."

"தம்பி, ஆகாசம் விழுகாம இருக்கான்னும் பாத்துருவோமா?" என்றேன் ஆத்திரத்தில்.

"காட்டுங்க" என்றார்.

டீச்சர் பொறுமையாக, வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள், ஒரே ஒரு இடம்தான் பாக்கி என்றார். சுடரை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்து, நானே குவைத்தைக் கூப்பிட்டேன். "ஒனக்கு எந்தக் கேம்ப்புதான் வேணும்? அதையாவது சொல்லித் தொலை."

மெதுவாகக் கேட்டார். "காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சு பத்தரைக்கு விடுற கேம்ப்பு எதும் இருக்காண்ணே?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மே மாசம் லீவுக்கு வாரேன்ணே, சுடரு நாளு எண்ணிக்கிட்டிருக்கா. ரெண்டு வருசத்துக்கு இருபத்தெட்டு நாளு. கேம்ப்புக்கு இருபது போச்சுன்னா மிச்சம் எட்டு. அதுல மாமியா வீடு, ஒரு காதுகுத்து, ஆதார்ல பேரு திருத்தம். பிள்ளைய நான் எப்பண்ணே பாக்குறது?"

"இத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"எப்பிடிச் சொல்றது? படிக்கப் போற பிள்ளைய அப்பன் கெடுத்தான்னு ஆயிரும். கெணறு கெடுத்துச்சுன்னா கெணத்துக்கு ஒண்ணும் வலிக்காதுல்ல."

பஞ்சர் பார்த்த டியூபையே திரும்பப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன் போனது. வியாழன் மதியம், அவர் வேலை நேரத்தில், போன் அடித்தது. வீடியோ இல்லை, வெறும் குரல்.

"அண்ணே, அந்த மில்லு கேம்ப்புலயே சேத்துருங்க."

"கெணறு இருக்கேப்பா?"

"கெணறு பரவால்ல."

"துரு?"

"பெயின்ட் அடிச்சுக்குவாங்க."

தேங்காய்த் தட்டிலிருந்து கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்த மனிதர் கிணற்றைப் பரவாயில்லை என்கிறார். "லீவு என்னாச்சு?"

"பிளான்ட்ட நிறுத்திப் பழுது பாக்குற ஷட்டவுன் வேல வந்துருச்சுண்ணே. ஒருத்தரையும் விடல. அடுத்த வருசம் பாக்கலாங்குறாங்க. சுடர்ட்ட இப்பச் சொல்லிராதீங்க, மொதல்ல சேரட்டும்."

போய்ச் சேர்த்துவிட்டு வந்து, முகத்தில் பொய்யாக ஒரு சந்தோஷத்தை ஒட்டிக்கொண்டு சுடரிடம் சொன்னேன். அவள் குதிக்கவில்லை. "அப்பா கெணத்துக்கு ஓகே சொல்லிட்டாரா?" என்றாள்.

"சொல்லிட்டாரும்மா."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப அப்பா வரல" என்றாள். உள்ளே போய்விட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை வேண்டும் என்று தவம் கிடக்கிறார்களே, அவர்களிடம் இதையும் யாராவது சொல்ல வேண்டும்.

கேம்ப்பில் அவள் எடுத்துக்கொண்டது நிழல். களத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, நிழல் ரொம்பச் சின்னதாகிற நடுப்பகலில் தினமும் சாக்பீஸால் கோடு போட்டாள். அதே அளவுக் குச்சியை அங்கேயும் நட்டு அளந்து அனுப்பச் சொல்லி அப்பாவுக்கு உத்தரவு. மதிய வெயிலில் நிற்கக்கூடாது என்று ஊரையே விரட்டுகிற சேஃப்டி, இருபது நாளும் அந்த வெயிலில் குச்சியோடு நின்றிருக்கிறார். கூட வேலை பார்க்கிறவர்கள் இவரைப் பற்றியே மேலே எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

கடைசி நாள், அப்பா அம்மாக்களைக் கூப்பிட்டிருந்தார்கள். செல்வராணி முன்வரிசையில். நான் போனைப் பிடித்தபடி பின்னால். சுடர் களத்தின் நடுவில் நின்று, நிமிர்ந்து, சத்தமாகப் பேசினாள். "இந்த மாசம் மத்தியானம் நம்ம நெழலு தெக்க விழுகுது. எங்கப்பா நெழலு குவைத்துல வடக்க விழுகுது. அப்பன்னா நடுவுல எங்கயோ, ரெண்டு பக்கமும் விழுகாம, நெழலே இல்லாத எடம் ஒண்ணு இருக்கணும்."

அந்த நேரம் பார்த்து நெட்வொர்க் போய்விட்டது. திரையில் ஹெல்மெட்டோடு சேஃப்டியின் முகம், வாய் பாதி திறந்தபடி, அப்படியே உறைந்து நின்றது. எந்த வார்த்தை வரை கேட்டார், எதைப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. அசைத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

சுடர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பெரியப்பா, அப்பா பாக்குறாரா?"

"பாக்குறாரும்மா, நீ சொல்லு" என்றேன். அசையாத அந்த முகத்தைப் பிள்ளை பக்கமாகத் திருப்பி, அவள் சொல்லி முடிக்கும்வரை தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.