முதுகு வலிக்குதா?

கழுத்திலிருந்து இடுப்பு வரை யாரோ கடப்பாரை வைத்து நெம்புவது போல இருந்தது. தூண் மாடிப்படியில் பாதியிலேயே நின்று சுவரில் கை ஊன்றிக்கொண்டார். கிடங்கில் மூட்டை தூக்குகிற ஆள். எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அசையமாட்டார் என்று வாலிபத்தில் வைத்த பெயர்தான் தூண். தூணுக்குள்ளும் கறையான் உண்டு என்பது அவர் முதுகுக்குத்தான் தெரியும்.

கதவைத் திறந்தார். வழக்கமாக இந்நேரம் ஜன்னலோரக் கூண்டிலிருந்து, "வந்துட்டீங்களா? முதுகு வலிக்குதா?" என்று குரல் வரும்.

கேட்பது கிளி. குரல் அவர் மனைவியுடையது. அவள் போய் மூன்று மாதமாகிறது. அவள் பேசியதை யாரும் பதிந்து வைக்கவில்லை. கிளி ஒன்றுதான் பதிந்து வைத்திருந்தது. போன வருஷம் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அது வீட்டில் இருந்தது. "தானா பறந்து வந்து உட்கார்ந்துச்சு, விரட்ட மனசு வரல" என்றாள்.

தானாக வந்தது தானாகவே போய்விட்டது. தண்ணீர் மாற்றிவிட்டுக் கொக்கியை மாட்ட மறந்தவர் தூண்தான். காலிக் கூண்டு காற்றில்லாமலே ஆடுவது போல அவருக்குத் தோன்றியது. செத்தவளை இரண்டாவது தடவை பறிகொடுத்தவர் போல உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே, 'என் கிளியைக் காணவில்லை' என்று நோட்டீஸ் அடித்து, வீட்டுக்குக் கீழே இருந்த பஞ்சர் கடையின் கதவிலிருந்து ஆரம்பித்து ஊரெல்லாம் ஒட்டினார். நிறம், கழுத்து வளையம், பேசும் என்ற விவரம், போன் நம்பர் எல்லாம் போட்டிருந்தார். பஞ்சர் கடைக்காரர் பசை தடவ பிரஷ் கொடுத்து உதவினார்.

சாயங்காலமே போன் வந்தது.

"அண்ணே, கிளி எங்கிட்டதான் பத்திரமா இருக்கு. கூண்டு வாங்கணும், கொஞ்சம் பணம் போட்டு விடுங்க."

போட்டார். பிறகு கிளிக்குக் காய்ச்சல் என்றான். அதற்கும் போட்டார். கடைசியில், "கிளி பஸ்ஸுல ஏற மாட்டேங்குது அண்ணே, தனி வண்டி பிடிக்கணும்" என்றபோதுதான், றெக்கை உள்ளதற்கு வண்டி எதற்கு என்று தூணுக்கு உறைத்தது. அதற்குள் அந்த வாரக் கூலி பறந்திருந்தது.

வெளியூரில் வாக்கப்பட்ட மகள் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, இருக்கிற அடையாளத்தையெல்லாம் ஊருக்கே ஒட்டி வச்சா எவன்தான் ஏமாத்த மாட்டான்? ஒண்ணையாவது மனசுக்குள்ள வச்சுக்கோ. போன் பண்றவன்கிட்ட அதைக் கேளு. முன்பணம் கேட்டா கட் பண்ணு."

நல்ல யோசனைதான். கிளி என்ன பேசும் என்பதை நோட்டீஸில் போடவில்லை; அதையே அடையாளமாக வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை, கிடங்கு மேஸ்திரியைத் தவிர. மேஸ்திரி வாயில் போட்ட ரகசியமும் ஓட்டைச் சாக்கில் போட்ட சர்க்கரையும் ஒன்று. அவர் எடைபோடுகிறவரிடம் மட்டும் சொன்னார். எடைபோடுகிறவர் லாரிக்காரர்களிடம் மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து தூணின் போன் வேறு மாதிரி அடிக்க ஆரம்பித்தது.

"கிளி என்ன பேசுது, சொல்லு" என்பார் தூண்.

"முதுகு வலிக்குதா?" என்று ஒரு தடித்த ஆண்குரல் பெண்குரலாக இழுக்கும்.

கட் செய்வார். அடுத்த போன். கட்டைத் தொண்டை ஒன்று, "முதுகு வலிக்குதா?" பிறகு ஒரு குழந்தை, பின்னால் யாரோ சொல்லிக்கொடுக்க, "முது... வலிக்குதா?" ஒரு போனில் வெறும் மூச்சுச் சத்தம்தான். நெடுநேரம் கழித்து, ரொம்ப மெதுவாக, ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, "வலிக்...குதா...?" தூணுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கடைசியில் மருந்துக் கடைக்குத் தைலம் வாங்கப் போனார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து, கடைக்காரப் பெண் குனிந்து பாட்டிலை எடுத்தபடியே கேட்டாள்:

"முதுகு வலிக்குதா?"

தூண் தைலத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். ஊரே தன் மனைவியின் வாயை வாங்கி மாட்டிக்கொண்டு திரிவது போல இருந்தது.

"இனிமே அதைக் கேக்காதே" என்றாள் மகள். "கிளியே பேசட்டும்னு சொல்லு. அதுலயும் ஜாக்கிரதையா இரு. இப்பல்லாம் மிஷினை வச்சு செத்தவங்க குரல்லகூட பேச வைக்கிறானுங்க."

"செத்தவங்க குரல்லயா?"

"ஆமாம்ப்பா. நம்பிடாதே."

நம்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டே காலிக் கூண்டைத் துணியால் மூடி வைத்தார். மூடிய பிறகு அதைப் பார்க்கவே இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் கூப்பிட்டாள்.

"ஐயா, நான் நாலு தெரு தள்ளி தையல் கடை வச்சிருக்கேன். உங்க நோட்டீஸைப் பார்த்தேன். ஒரு கிளி வந்திருக்கு."

"எவ்ளோ பணம் வேணும், அதை முதல்ல சொல்லு."

"பணமா? ஒண்ணும் வேணாம். வந்து எடுத்துட்டுப் போனா போதும். அது பேசறதைக் கேட்டா கை நடுங்குது, தையலே கோணலா போகுது."

காசு வேண்டாம் என்கிறவன்தான் பெரிய கைகாரன் என்பது தூணின் அனுபவம். "பேசச் சொல்லு பார்ப்போம்" என்றார்.

"சும்மா பேசாது. கீழே யாராவது வண்டிக்குக் காத்தடிச்சா உடனே பேசும். இருங்க... அடிக்கிறாங்க."

போனில் புஸ் புஸ்ஸென்று சத்தம். றெக்கை படபடத்தது. பிறகு அவர் மனைவி பேசினாள்.

"இன்னும் ஒரே ஒரு வாரம். அவருக்குத் தெரிய வேணாம்."

அதே குரல், கெஞ்சும்போது கடைசி எழுத்தைக் கொஞ்சம் விழுங்குகிற அதே பேச்சு. இந்த வார்த்தைகளை மட்டும் அவர் தன் ஆயுளில் கேட்டதில்லை.

"இன்னும் ஒரே ஒரு வாரம்" என்று மறுபடி கெஞ்சினாள் செத்தவள்.

"ஏய்! என் வீட்டுக்காரி குரலை எங்கேருந்து திருடின?"

"திருடத் தெரிஞ்சா நான் ஏன் ஊசி பிடிக்கிறேன்?" தையல்காரிக்கும் கோபம் வந்துவிட்டது. "அதிருக்கட்டும், இது உங்க கிளிதான்னு என்ன அத்தாட்சி? ஊர்ல ஏமாத்துக்காரங்க ஜாஸ்தி. நீங்க ஒரு அடையாளம் சொல்லுங்க."

"என் கிளிக்கு நானே அத்தாட்சி குடுக்கணுமா?" என்று கத்தி, போனை வைத்துவிட்டார்.

வைத்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. காதுக்குள் அந்த ஒரு வாரம் கெஞ்சிக்கொண்டே இருந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பஞ்சர் கடைக்காரர் ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"மிஷினா இருக்கும்ப்பா" என்றார் கடைக்காரர், முகத்தைப் பார்க்காமல்.

"மிஷினுக்கு அவ கெஞ்சற விதம் தெரியுமா அண்ணே? அது அவதான்." தூண் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் யோசிச்சுப் பார்த்தேன். சாகப்போறோம்னு அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. இன்னும் ஒரே ஒரு வாரம்னு டாக்டர்கிட்டயோ சாமிகிட்டயோ கெஞ்சியிருக்கா. எனக்குத் தெரிய வேணாம்னு மறைச்சிருக்கா. நான் பாவி, ராத்திரி வந்து என் முதுகு வலியைப் பத்தியே பேசியிருக்கேன்."

கடைக்காரர் பம்பைக் கீழே வைத்தார். கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"நீ அழாதே. தங்கச்சி பேரு கெடக் கூடாதுன்னு இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன்" என்றவர், மேலே அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். "தங்கச்சி டாக்டர்கிட்டயும் கெஞ்சல, சாமிகிட்டயும் கெஞ்சல, ஒரு வாரத்துல தரேன்னு வாங்கிட்டுப் போன என் கிளியை நான் திருப்பிக் கேக்கறப்பல்லாம் அந்த ஜன்னல்ல நின்னு எங்கிட்டதான் கெஞ்சிச்சு. இன்னும் தரல."