பூசணம் சாரும் இரண்டு மூட்டை எலுமிச்சையும்

சென்னைக்கு மேற்கே பூசணம் சாரைப் போல் இன்னொரு பிறவியைக் காட்டுங்கள், பாதி மீசையை எடுத்துக்கொள்கிறேன். எண்பதுகளில் அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் எங்கள் பக்கத்து வீடு. பகலெல்லாம் ஆவடி ராணுவத் தளவாட ஃபேக்டரியில் வேலை. வீடு திரும்பினால் எலுமிச்சம்பழத்தில் பூக்கும் பச்சைப் பூசணத்தோடு தனி யுத்தம்.

திராட்சைத் தோலை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டு ஜாடி ஜாடியாக ஈஸ்ட் வளர்த்தார். "ரயில் சீட்டுல துண்டு போடறோமில்ல, அதே கதைதான். பழத்துல கீறல் விழுந்த இடத்துல ஈஸ்ட் முதல்ல உட்கார்ந்துடும். பூசணத்துக்கு நிக்கக்கூட இடம் இருக்காது" என்பார். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டுவோம். ஒருநாள் இறுக்கி மூடிய ஜாடி டமாரென்று வெடித்து, கொடியில் காய்ந்த என் மனைவியின் வெள்ளைப் புடவை சாக்கடை நிறமானது. "ஃபேக்டரி வேலைய வீட்டுக்கே எடுத்துட்டு வந்துட்டாரா?" என்றாள்.

இவரிடம் போய் மாட்டினாள் எலுமிச்சை வியாபாரி கன்னியம்மா. ஆயுத பூஜை வந்தால் லேத்துக்கு ஒன்று, லாரிக்கு நாலு என்று அம்பத்தூர் எஸ்டேட்டே எலுமிச்சை நசுக்கும். பத்து நாள் முன்னதாகவே மூட்டை எடுத்துவைப்பாள். முந்தின வருஷம் மழையில் பாதி பூசணம் பிடித்துவிட்டது. இந்த வருஷம் எடுத்த இரண்டு மூட்டையும் அழுகினால் கடையை மூட வேண்டியதுதான்.

சார் ஒரு வாளி ஈஸ்ட் தண்ணீர் தந்தார். கூடவே ஒரு கண்டிஷன்: "ஒரு மூட்டைய மட்டும் முக்கி எடும்மா. இன்னொண்ணு அப்படியே அழுகட்டும். அப்பதான் வித்தியாசம் தெரியும்."

"அழுவட்டுமா? இன்னா சார் பேசுற நீ?"

"அதான்மா சயின்ஸ்!"

பூஜைக்கு முதல் நாள், தெருவே கூடி நிற்க, மூட்டைகளைப் பிரித்தார். இரண்டிலும் பழம் மஞ்சள் மஞ்சளாகச் சிரித்தது. கன்னியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சாருக்கு முகம் செத்துவிட்டது.

"வித்தியாசமே இல்லையே! இத்தனை வருஷ உழைப்பு... ஈஸ்ட் ஒண்ணுமே பண்ணலை" என்று மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டப் போனார்.

"ஐயோ, கொட்டாத நைனா! நான் ரெண்டையும் முக்கிட்டேன். என் பொயப்பே அதுல கீது. எப்டி அழுவ உடுவேன்?"

மனுஷன் சந்தோஷப்பட வேண்டாமோ? "என் பரிசோதனையையே கெடுத்துட்டியே!" என்று தாம்தூம் என்று குதித்தார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த வருஷம் கன்னியம்மாவிடம், "உன்னுது எல்லாத்தையும் முக்கிடும்மா" என்று சொல்லிவிட்டு, அழுகவிடுவதற்கென்றே தனியாக ஒரு மூட்டை வாங்கித் தன் மொட்டை மாடியில் வைத்தார். கன்னியம்மாவின் பழம் அப்படியே மஞ்சளாக இருக்க, மாடி மூட்டை மட்டும் அழுகியது. தெருவே நாறியது. அந்த நாற்றத்துக்கு மட்டும் நாங்கள் யாரும் அவரைத் திட்டவில்லை.